பட்டும் கம்பளியும் வீட்டிலேயே துவைக்கலாம்

நம் வீடுகளில் துவைக்கத் தெரிந்த கை என்பது பெரும்பாலும் பருத்தியில் பழகிய கை. வேட்டி, துண்டு, நூல் புடவை, போர்வை என்று தினமும் கையில் படுவதெல்லாம் பருத்திதான். ராத்திரியே சோப்புத் தூளில் ஊறவைத்து, காலையில் கல்லில் நாலு அடி அடித்து, முறுக்கிப் பிழிந்து, நல்ல வெயிலில் கொடியில் போட்டால்தான் துவைத்த திருப்தி வரும். இதில் தவறே இல்லை. பருத்தி நூல் நனைந்தால் இன்னும் வலுவாகும். சோடாவின் காரத்தையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். அதனால்தான் கல்லும் சோடாவும் உச்சி வெயிலும் அதற்கு ஒத்துப்போகின்றன.

அதே கையோடு ஸ்வெட்டரையோ பட்டுப் புடவையையோ எடுக்கும்போதுதான் சிக்கல். நல்ல கம்பளி ஸ்வெட்டர் ஒரே துவைப்பில் சுருங்கித் தடித்துக் குழந்தைக்குப் போடும் அளவுக்கு வந்துவிடும். பட்டுப் புடவையில் பார்டரின் சாயம் உடலில் இறங்கித் திட்டுத்திட்டாக நிற்கும். இப்படி ஒரு தடவை நடந்துவிட்டால் போதும், “இதெல்லாம் தண்ணியிலயே போடக் கூடாது, டிரை வாஷ்தான்” என்று வீட்டில் முடிவாகிவிடும். அப்புறம் ஒரு சாதாரண சால்வைக்குக்கூடக் கடைக்கு ஓட வேண்டும். இல்லையென்றால் அது துவைக்கப்படாமலே பீரோவில் கிடக்கும், பூச்சி அரிக்கும்.

தண்ணீரால் இந்தத் துணிகள் கெடுவதில்லை. மழையில் நனைந்துகொண்டே மேய்ந்த ஆட்டின் முடிதானே கம்பளி. கெடுப்பவை சூடு, காரம், உராய்வு, ஈரத்தோடு தொங்கவிடுவது ஆகியவைதான். இவை ஏன் ஆகாது என்று ஒரு முறை புரிந்துகொண்டால், எந்தத் துணியை எப்படித் துவைப்பது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. அதனால் காரணங்களிலிருந்தே தொடங்கலாம்.

இழைக்குள் என்ன இருக்கிறது

கம்பளி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் தலைமுடியும் நகமும் அதே வகைதான். பட்டுப்புழு கூடு கட்ட உமிழும் நூல் ஃபைப்ராயின் என்ற வேறொரு புரதம். பருத்தி செடியிலிருந்து வருவது, அது செல்லுலோஸ். புரதத்துக்குக் காரம் ஆகாது. செல்லுலோஸ் காரத்தைத் தாங்கும், ஆனால் கடுமையான அமிலத்தில் நைந்துபோகும். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது.

சாதாரண சலவைத் தூளைத் தண்ணீரில் கரைத்தால் அதன் பிஹெச் 10 அளவில் இருக்கும். காரமும் இல்லாத அமிலமும் இல்லாத நடுநிலை என்பது 7. அழுக்கை எடுக்கக் காரம் நன்றாக உதவும் என்பதால்தான் தூளில் சலவைச் சோடாவைச் சேர்க்கிறார்கள். பருத்திக்கு அது சரி. கம்பளி அந்தக் கரைசலில் வீங்கி, நார் பலவீனமாகி, தொட்டால் சொரசொரவென்று ஆகிவிடும். பட்டு தன் மினுமினுப்பை இழக்கும்.

இன்னொன்றும் உண்டு. ரத்தம், பால், முட்டை, குழம்பு போன்ற கறைகளை எடுக்கப் பல தூள்களில் புரோட்டியேஸ் என்ற நொதியைச் சேர்க்கிறார்கள். புரதத்தை வெட்டித் துண்டாக்குவதுதான் அந்த நொதியின் வேலை. கறையில் இருக்கும் புரதம் எது, புடவையில் இருக்கும் புரதம் எது என்று அது பார்ப்பதில்லை. ஒரே நாளில் ஓட்டை விழாது என்றாலும், ஊறவைக்க ஊறவைக்கத் துணி மங்கி நலிந்துகொண்டே வரும். லண்டனில் இருப்பவர்கள் கடையில் ‘நான்-பயோ’ என்று எழுதிய பாக்கெட்டைப் பார்த்திருப்பார்கள். நொதி இல்லாதது என்று அதற்குப் பொருள். நொதி இல்லை என்பதற்காக அந்தத் தூளில் காரம் இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே அதுவும் கம்பளிக்கு ஏற்றதல்ல.

ப்ளீச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெள்ளைத் துணிக்குப் போடும் குளோரின் ப்ளீச்சில் கம்பளியும் பட்டும் கரைந்தே போகும். ஒரு துணியில் எத்தனை பங்கு கம்பளி கலந்திருக்கிறது என்று ஜவுளி ஆய்வகங்களில் அளக்க ஒரு வழி, அந்த ப்ளீச்சில் உள்ள அதே ஹைப்போகுளோரைட் கரைசலில் போட்டுக் கம்பளியைக் கரைத்துவிட்டு மிச்சத்தை எடைபோடுவதுதான்.

இப்போது சுருங்கும் விஷயத்துக்கு வரலாம். கம்பளி இழையைப் பெரிதாக்கிப் பார்த்தால் மேலே சின்னச் சின்னச் செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும், எல்லாம் முனையை நோக்கிச் சாய்ந்தபடி. அதனால் ஓர் இழை வேருள்ள பக்கமாக எளிதில் நழுவும், எதிர்ப்பக்கமாக நழுவாமல் மாட்டிக்கொள்ளும். ஈரத்திலும் சூட்டிலும் இழை வீங்கிச் செதில்கள் இன்னும் எழும்பும். அந்த நேரத்தில் துணியைக் கசக்கினால் ஒவ்வொரு கசக்கலுக்கும் இழைகள் ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, திரும்ப வர முடியாமல் இறுகிவிடும். காஷ்மீரில் நம்தா என்ற கம்பளி விரிப்பைச் செய்வது இந்தக் குணத்தை வைத்துத்தான். அங்கே தறியே கிடையாது. கம்பளியைப் பரப்பி, சோப்புத் தண்ணீர் தெளித்து, பாயில் சுருட்டி உருட்டி உருட்டி அழுத்தினால் அது தானாகவே கெட்டியான விரிப்பாகிவிடும். ஸ்வெட்டரைச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கசக்குகிறவர், தெரியாமலே நம்தா செய்துகொண்டிருக்கிறார்.

அப்படி இறுகியதைப் பழையபடி பிரிக்க முடியாது. தலைக்குப் போடும் கண்டிஷனரில் ஊறவைத்து இழுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு யோசனை சுற்றிவருகிறது. பின்னல் மட்டும் கொஞ்சம் இறுகியிருந்தால் ஓரளவு விட்டுக்கொடுக்கும். இழைகளே பின்னிக்கொண்ட பிறகு பலன் இருக்காது. சில ஸ்வெட்டர்களில் ‘சூப்பர்வாஷ்’ என்றோ ‘மெஷின் வாஷபிள்’ என்றோ எழுதியிருக்கும். அவற்றின் செதில்களை ஆலையிலேயே மழுக்கி அல்லது மெல்லிய பூச்சால் மூடியிருப்பார்கள். அவை சுருங்குவது குறைவு.

ஆக, கம்பளியை எப்படி நடத்துவது என்று சந்தேகம் வரும்போதெல்லாம் தலைமுடியை நினைத்துக்கொண்டால் போதும். தலைமுடியைக் கொதிக்கிற தண்ணீரில் போட மாட்டோம், சலவைத் தூள் போட மாட்டோம், முறுக்கிப் பிழிய மாட்டோம். ஷாம்பூ போட்டு அலசி, துண்டால் ஒற்றி எடுப்போம். கம்பளிக்கும் பட்டுக்கும் அதே மரியாதைதான்.

கையில் இருப்பது கம்பளிதானா?

துவைக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கடையில் ‘உல்லன்’ என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக், அதாவது கம்பளி மாதிரி செய்த செயற்கை இழை. மலை ஊர்க் கடைகளிலும் குளிர்காலத் தற்காலிகக் கடைகளிலும் விலை மலிவாகக் கிடைக்கும் ஸ்வெட்டர், குல்லா, சால்வை பெரும்பாலும் இதுதான். மட்டம் என்று சொல்லவில்லை. அக்ரிலிக் இறுகிச் சுருங்காது, பூச்சியும் அரிக்காது. ஆனால் சூடு பட்டால் தொளதொளவென்று இழுபட்டுவிடும். அதனால் சுடுதண்ணீரும் இஸ்திரிப் பெட்டியும் அதற்கும் ஆகாது. தேய்த்தால் மேலே குட்டிக் குட்டி உருண்டைகள் திரளும்.

லேபிள் இருந்தால் படித்துவிடுங்கள். இல்லையென்றால் உள்பக்கத் தையலிலிருந்து ஒரு நூலை மட்டும் எடுத்து, இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் வைத்துத் தீக்குச்சியால் பற்றவைத்துப் பாருங்கள். கம்பளியும் பட்டும் முடி கருகும் வாடையோடு மெதுவாக எரியும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டியான மணியாக நிற்கும். பருத்தியும் ரேயானும் காகிதம் எரியும் வாடையோடு சட்டென்று எரிந்துபோகும். உருகும் சொட்டு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், அதனால் குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள்.

லேபிளில் உள்ள படங்களில் நாலைந்து தெரிந்தால் போதும். தண்ணீர்த் தொட்டிக்குள் கை இருந்தால் கையால் துவைக்கலாம். தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரே வேண்டாம். முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி என்றால் ப்ளீச் கூடாது. வட்டம் டிரை கிளீனிங்கைக் குறிக்கும். சதுரத்துக்குள் நடுவே ஒரு படுக்கைக் கோடு இருந்தால் படுக்கவைத்துக் காயவைக்க வேண்டும். அந்தச் சதுரத்தின் மூலையில் சாய்கோடும் சேர்ந்திருந்தால் நிழலில்.

எதைப் போட்டுத் துவைப்பது

கம்பளிக்கென்றே விற்கும் திரவ சோப்பு நல்லது. கடையில் ஈஸி என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வேறு கம்பெனிகளின் திரவங்களும் உண்டு. ‘உல்லன், சில்க்’ இரண்டுக்கும் ஏற்றது என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் குழந்தைகளுக்குப் போடும் சாதாரண ஷாம்பூ போதும். கண்டிஷனர் கலந்த ஷாம்பூ வேண்டாம், வழுவழுப்பு துணியிலேயே தங்கிவிடும்.

இவை எதுவும் வருவதற்கு முன்பிருந்தே நம் வீடுகளில் பட்டுக்கு இருந்தது பூந்திக்கொட்டை. பட்டுப் புடவைக்கும் தங்க நகைக்கும் அதைத் தவிர வேறெதுவும் போடாத பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது சரியான செயல்தான். பூந்திக்கொட்டைத் தோலில் உள்ள சபோனின் நுரைக்கும், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். ஆனால் சோப்பைப் போலக் காரமானதல்ல, சற்றே அமிலத்தன்மை உடையது. இன்னொரு நன்மையும் உண்டு. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்புக் கட்டி நுரைக்காமல், வெள்ளைப் பிசுக்காகத் திரிந்து துணியில் படியும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாக்கும் பிசுக்கு அது. பட்டு நாளடைவில் மங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். பூந்திக்கொட்டை அப்படித் திரிவதில்லை, திரவ சோப்புகளும் பெரும்பாலும் திரிவதில்லை.

ஒரு புடவைக்கு 8 அல்லது 10 கொட்டை எடுத்து, உடைத்து விதையை நீக்கிவிட்டு, தோலை மட்டும் ராத்திரி வெந்நீரில் ஊறவையுங்கள். காலையில் நன்றாகப் பிசைந்து மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் ஊற்றினால் சக்கை இழையில் மாட்டிக்கொள்ளும். கரைசல் பழுப்பாக இருக்கும் என்பதால் வெள்ளை, சந்தனம், வெளிர் ரோஸ் போன்ற நிறங்களுக்கு இது வேண்டாம், திரவ சோப்பே சரி. கண்ணில் தெறித்தால் கடுமையாக எரியும், கவனம்.

தண்ணீர் மழைத்தண்ணீராக இருந்தால் மிகவும் நல்லது. மழைக்காலத்தில் இரண்டு பக்கெட் பிடித்துவைத்துப் பட்டை அலசிப் பாருங்கள், பளபளப்பில் வித்தியாசம் தெரியும்.

ஸ்வெட்டர், சால்வை துவைக்கும் முறை

முதலில் அளவெடுத்துக்கொள்ளுங்கள். மார்பகலம், நீளம், கை நீளம் மூன்றையும் டேப்பால் அளந்து ஒரு தாளில் குறித்துவைத்தால், காயவைக்கும்போது அதே அளவுக்குக் கொண்டுவரலாம். பலரும் இதைச் செய்வதில்லை. ஆனால் கைப்பின்னல் ஸ்வெட்டர் உருக்குலையாமல் பல வருடம் உழைக்க நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான்.

தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். கையை விட்டால் சூடும் தெரியக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. மே மாதம் சென்னையிலோ மதுரையிலோ மத்தியானம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் இதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும். கோடையில் துவைப்பதென்றால் விடிகாலையில் வரும் தண்ணீர்தான் நல்லது, அல்லது முந்தின ராத்திரியே பக்கெட்டில் பிடித்துவைக்கலாம். ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்கு நேர்மாறு. குழாய்த் தண்ணீர் ஐஸாக இருக்கும், கொஞ்சம் வெந்நீர் கலந்துகொள்ள வேண்டும்.

திரவ சோப்பை முதலில் தண்ணீரில் கலக்கிவிட்டு அப்புறம்தான் துணியைப் போட வேண்டும். அளவு புட்டியில் இருக்கும். ‘இன்னும் கொஞ்சம் ஊற்றினால் நன்றாகப் போகும்’ என்று ஊற்றினால், அதை அலசி எடுக்கத்தான் கூடுதலாகத் துணியைப் புரட்ட வேண்டிவரும். ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தண்ணீருக்குள் மெதுவாக அமுக்குங்கள். 10 நிமிடம் அப்படியே விடுங்கள். அப்புறம் உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விடுவதுதான் துவைப்பு. தேய்ப்பதில்லை, கசக்குவதில்லை, பிரஷ் இல்லை. கழுத்துப் பட்டி, கை விளிம்பு போன்ற அழுக்கு இடங்களில் சோப்பை ஒரு துளி தொட்டு விரலால் தட்டிக் கொடுத்தால் போதும்.

அடுத்தது தூக்குவது. கம்பளி தண்ணீரை ஏராளமாகக் குடிக்கும். ஈரக் கம்பளியைத் தோளைப் பிடித்துத் தூக்கினால் அந்தத் தண்ணீரின் கனமே பின்னலை இழுத்துவிடும். அடியில் இரண்டு கையையும் கொடுத்து மொத்தமாக ஏந்தி எடுங்கள். குழாயைத் திறந்துவிட்டு நேரே துணியின் மேல் விழவைப்பதும் கூடாது, அந்த அடியும் ஓர் உராய்வுதான். பக்கெட்டில் புதுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் துணியை இறக்கி அமுக்கி அலசுங்கள். நுரை போகும்வரை இரண்டு மூன்று தடவை. அலசும் தண்ணீரும் துவைத்த தண்ணீரின் பதத்திலேயே இருக்கட்டும். கடைசித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விட்டால், மிச்சமிருக்கும் சோப்பும் காரமும் போகும், இழை மிருதுவாகும். வாடை காய்ந்ததும் போய்விடும்.

பிழியக் கூடாது. பக்கெட்டின் பக்கவாட்டில் வைத்து அழுத்தித் தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு பெரிய டர்க்கி டவலை விரித்து அதன்மேல் ஸ்வெட்டரைப் பரப்பி, பாயைச் சுருட்டுகிற மாதிரி சேர்த்துச் சுருட்டி, மேலிருந்து கையாலோ முழங்காலாலோ அழுத்துங்கள். டவல் ஈரத்தைக் குடித்துவிடும். வாஷிங் மெஷினில் சுழற்றுவதை மட்டும் தனியாக ஓட்ட முடியுமென்றால், வலைப் பைக்குள் போட்டு ஒரு நிமிடம் குறைந்த வேகத்தில் ஓட்டலாம். அதில் துணி டிரம்மோடு ஒட்டிக்கொண்டு சுற்றுவதால் உரசல் குறைவு. முறுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம் காய்ந்த டவல் ஒன்றின் மேலோ, கயிற்றுக் கட்டிலில் விரித்த துணியின் மேலோ படுக்கவைத்து, குறித்துவைத்த அளவுக்கு மெல்ல இழுத்துச் சரிசெய்யுங்கள். ஃபேனுக்கு அடியில் நிழலில் காயட்டும். பாதி காய்ந்ததும் புரட்டிப் போடுங்கள். வெயில் பட்டால் வெள்ளைக் கம்பளியும் வெள்ளைப் பட்டும் மஞ்சளிக்கும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் புரதத்தையே மாற்றுவதால் வரும் மஞ்சள் அது.

இவ்வளவு வேலையா என்று மலைக்க வேண்டாம், கம்பளியை அடிக்கடி துவைக்கவே தேவையில்லை. அது தன் எடையில் 30 சதவீதம் அளவுக்கு ஈரத்தை ஆவியாக உள்ளிழுத்துக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது, வாடையும் எளிதில் பிடிக்காது. போட்டுக் கழற்றியதும் ஒரு ராத்திரி காற்றாட விரித்துவைத்தால் பெரும்பாலும் போதும். குளிர்காலம் முழுக்கப் போட்டுவிட்டு எடுத்துவைக்கும் முன் ஒரு தடவை துவைப்பது மட்டும் கட்டாயம்.

பட்டு

பட்டுப் புடவையில் சுருக்கத்தைவிடச் சாயம்தான் பெரிய கவலை. காஞ்சிபுரம் புடவையில் உடல் ஒரு நிறம், பார்டரும் முந்தியும் வேறு நிறம். மூன்றுக்கும் தனித்தனியாகச் சாயம் ஏற்றியிருப்பார்கள். உடல் நிறம் நிற்கும், பார்டர் அரக்கு கரையும். எனவே முதலில் சோதனை. ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, உடல், பார்டர், முந்தி மூன்றிலும் உள்பக்கமாக ஓர் ஓரத்தில் வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் இறங்கினால் அந்தப் புடவையை வீட்டில் நனைக்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. நிற்காத சாயத்தை உப்பு நிரந்தரமாகப் பிடித்துவைப்பதில்லை. சாயம் ஏற்றும்போது பருத்தியில் நிறம் ஏறுவதற்கு உப்பு உதவும், அந்தப் பழக்கத்திலிருந்து வந்த நம்பிக்கையாக இருக்கலாம். மதுரைச் சுங்குடி போன்ற நூல் புடவைக்குக்கூட முதல் சில தடவை தனியாக அலசுவதுதான் உண்மையான பாதுகாப்பு.

சோதனையில் தேறினால், குளிர்ந்த தண்ணீரில் பூந்திக்கொட்டைக் கரைசலோ திரவ சோப்போ கலந்து, புடவையை முக்கி முக்கி எடுங்கள். ஊறவைப்பது வேண்டாம், இரண்டு மூன்று நிமிடம் போதும். முந்தியையும் பார்டரையும் உடலோடு சேர்த்துக் குவித்து ஈரமாக வைத்திருக்கக் கூடாது, அப்படி வைத்தால்தான் நிறம் இடம் மாறும். நுரை போகும்வரை அலசி, பழைய காட்டன் பெட்ஷீட்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, உடனே நிழலில் விரித்துப் போடுங்கள். மெல்லிய நைலான் கயிற்றில் போட்டுக் கிளிப் மாட்டினால் கோடு விழும், தடிமனான கம்பு நல்லது. பட்டு சீக்கிரம் காய்ந்துவிடும்.

இஸ்திரியை இலேசான ஈரம் இருக்கும்போதே உள்பக்கமாகப் போடுங்கள், பெட்டியின் குமிழை ‘சில்க்’ என்ற அளவில் வைத்து. காய்ந்த பட்டில் தண்ணீர் தெளித்தால் தெளித்த இடமெல்லாம் வட்டமாகத் தடம் நிற்கும். ஜரிகையின் மேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டுத் தேயுங்கள்.

ஜரிகை தனிக் கதை. நல்ல ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. கசக்கினால் அந்த உலோகச் சுற்று விலகிவிடும். வினிகரும் ஜரிகைக்கு வேண்டாம், அமிலம் உலோகத்தைத் தொடும். அகலப் பார்டரும் முந்தி முழுக்க ஜரிகையும் உள்ள கல்யாணப் புடவையை வீட்டில் துவைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். மெல்லிய பார்டருள்ள சாஃப்ட் சில்க், ஜரிகையில்லாப் பட்டு, பட்டுச் சட்டை, பட்டு சால்வை இவற்றைத் தயங்காமல் துவைக்கலாம்.

பிளவுஸிலும் ஃபால்ஸிலும் ஒரு பொறி இருக்கிறது. பட்டு சுருங்காமல் உள்ளே தைத்த காட்டன் லைனிங் மட்டும் சுருங்கினால் பிளவுஸ் இழுத்துப் பிடித்துக்கொண்டு சுருக்கம் சுருக்கமாக நிற்கும், எவ்வளவு தேய்த்தாலும் நேராகாது. ஃபால்ஸ் சுருங்கினால் புடவையின் ஓரம் சுருண்டுகொள்ளும். தைக்கக் கொடுக்கும் முன்பே லைனிங் துணியையும் ஃபால்ஸையும் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துக் கொடுத்துவிடுங்கள். நல்ல டெய்லர்கள் தாங்களே கேட்பார்கள்.

கட்டிக் கழற்றிய புடவையை உடனே மடித்து வைக்காமல், நிழலில் சில மணி நேரம் உலர்த்தினாலே பாதிக் காரியம் முடிந்தது. வியர்வை காய்ந்து தங்கினால்தான் பட்டு இற்றுப்போகும். பந்தியில் நெய்யோ எண்ணெயோ சிந்திவிட்டால் தண்ணீரைத் தொடாமல் முகப் பவுடரைத் தூவி ஒரு ராத்திரி விட்டு மெல்லத் தட்டிவிடுங்கள், எண்ணெயில் பெரும்பகுதியைப் பவுடர் இழுத்துக்கொள்ளும். மஞ்சள் கறையில் சோப்புக் கட்டி போடவே கூடாது. மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் சிவப்பாக மாறும், கறை இன்னும் பெரிதாகத் தெரியும். காரமில்லாத திரவத்தால் ஒற்றி எடுங்கள்.

ரேயானும் மற்றவையும்

ரேயான் அல்லது விஸ்கோஸ் குர்த்திகள் இப்போது எல்லா வீட்டிலும் உண்டு. மரக்கூழிலிருந்து செய்த செல்லுலோஸ் என்பதால் காரத்துக்கு அவ்வளவாக அஞ்ச வேண்டாம். ஆனால் நனைந்தால் தன் வலிமையில் கிட்டத்தட்டப் பாதியை இழந்துவிடும். பருத்தி மாதிரி தோன்றும் அந்தத் துணி முறுக்கிப் பிழிந்ததும் தையலோரம் கிழிவது இதனால்தான். பிழியாமல் வடியவிட்டுக் காயவையுங்கள்.

கிரேப் வகைப் பட்டில் நூலை அதிகமாக முறுக்கி நெய்திருப்பார்கள். நனைந்தால் அந்த முறுக்கு இறுகித் துணி குறுகும். மைசூர் சில்க் அந்த வகைதான். அது, வெல்வெட், கோட்டு, கல் ஒட்டிய ஆரி வேலைப்பாட்டு பிளவுஸ் எல்லாம் கடைக்குப் போகட்டும்.

எடுத்துவைக்கும்போது

ஸ்வெட்டரை ஹேங்கரில் மாட்டாமல் மடித்து வையுங்கள், மாட்டினால் தோளில் முட்டு விழும். புடவையை வெள்ளைக் காட்டன் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒரு முறை மடிப்பை மாற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கும்.

கம்பளியை அரிப்பது அந்துப்பூச்சியின் புழு. பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை, அது முட்டை வைக்கத்தான் வருகிறது. புழுவால் கெரட்டினைச் செரிக்க முடியும், அதிலும் வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடம் அதற்கு மிகவும் பிடிக்கும். துவைத்துவிட்டு வையுங்கள் என்று முன்பு கட்டாயப்படுத்தியது இதற்காகத்தான். பூச்சி விழுந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், துணியை பாலித்தீன் பைக்குள் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் துணியில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

வேப்பிலையும் வசம்பும் வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அழுக்கோடு வைத்த துணியை அவை காப்பாற்றாது. அந்துருண்டை, அதாவது பாச்சை உருண்டை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நாஃப்தலீன் உருண்டை போட்ட பீரோவிலிருந்து எடுத்த ஸ்வெட்டரையோ போர்வையையோ அப்படியே பச்சைக் குழந்தைக்குப் போடக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாஃப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். அந்தக் குறை இருப்பது வெளியே தெரியாது. குழந்தைத் துணிகளைத் தனி டப்பாவில், உருண்டை எதுவும் இல்லாமல் வைத்து, போடும் முன் ஒரு தடவை துவைத்துக் காயவைத்துவிடுங்கள்.